மீன் நம்பிய மழை

மாசி முடிந்ததும் எங்கள் ஊர் தூங்கப் போய்விடும். சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மாசிக்குப் பிறகு விழித்திருக்கும் அளவுக்குக் கள்ளிக்கண்மாயில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். லாரியில் வந்துகொண்டிருந்ததும் ஒரு வருடம் நின்றுபோனது. அரசாங்கம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, ஊரைக் காலி செய்துவிட்டு நகரத்து முகாமுக்குப் போவது. இன்னொன்று, ஊசி போட்டுக்கொண்டு ஐப்பசி மழை வரைக்கும் தூங்குவது. முகாமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் ஊசி வரிசையில் முதலில் நின்றார்கள்.

அந்த மருந்து எங்கள் ஊர் மீனிடமிருந்து எடுத்தது. கண்மாய்க்கு மேற்கே ஒரு சதுப்பு உண்டு. மழைக்குப் பிறகு ஐம்பது அறுபது நாள் தண்ணீர் நிற்கும். மற்ற நாளெல்லாம் பொருக்கு வெடித்த தரை. அங்கே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன் இருந்தது. பொருக்கு மீன் என்போம். மழை விழுந்ததும் சேற்றுக்குள்ளிருந்து பொரிந்து வரும், நாற்பது நாளில் நிறம் ஏறும், முட்டையிடும், தண்ணீர் வற்றும்போது தானும் செத்துப்போகும். முட்டை மட்டும் பொருக்குக்குள் மூச்சில்லாமல், சாகாமல் அடுத்த மழை வரை கிடக்கும். உலகத்தில் வேறெங்கும் இந்த மீன் கிடையாதாம். எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு வைத்தால் ருசி இருக்காது என்பதுதான். பூனைகூட முகர்ந்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

அந்த முட்டையைத் தூங்க வைப்பது எது என்று கண்டுபிடித்தவர் டாக்டர் ஹெப்சிபா. நாகர்கோவில்காரர். அந்தச் சாரம் மனிதர்களுக்கும் வேலை செய்தது. எனக்கு மட்டும் செய்யவில்லை. முதல் வருடம் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூன்று மணி நேரம் விக்கல் எடுத்தது. தூங்குவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மினிபஸ் கண்டக்டராக இருந்த முத்திருளாகிய நான், மருந்து ஒத்துக்கொள்ளாத இன்னும் ஏழு பேரோடு சேர்ந்து, தூங்குகிற ஊருக்குக் காவல்காரனானேன். ஒரு கண்டக்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. முந்நூற்று இருபத்து மூன்று பயணிகள், ஒருத்தரும் சில்லறை கேட்கவில்லை.

அவர்களைப் படுக்க வைத்திருந்தது ஊர்க் கல்யாண மண்டபத்தில். மேடைக்குப் பக்கத்தில் இரண்டாவது கட்டிலில் என் மனைவி பூமயில். எட்டு வருடம் முன்பு அதே மேடையில்தான் தாலி கட்டினேன்.

மண்டப வாசலில் ஒரு பலகை இருந்தது: உள்ளே தண்ணீர் கொண்டு செல்லக் கூடாது. காரணம் எழுதவில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி எந்தப் பலகை வைத்தாலும் அதற்கு அதுதான் அர்த்தம்.

பங்குனியில் மாரியம்மன் பொங்கல் வந்தது. சாமி தூங்குவதில்லையே. விழித்திருந்த எட்டுப் பேரும் ஒரு பானை பொங்கல் வைத்தோம். மறுநாள் மஞ்சள் தண்ணீர். எங்கள் ஊரில் அன்றைக்கு முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூமயில் என் சொந்த அத்தை மகள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள்மேல் ஒரு சொட்டுப் பட வைக்க என்னால் முடிந்ததில்லை. வேலி தாண்டி, வைக்கோல்போர் சுற்றி ஓடுவாள். கடைசியில் நான்தான் தொப்பலாக நனைந்து வீடு திரும்புவேன்.

அன்று காலை ஒரு செம்பில் அரைச்செம்பு மஞ்சள் தண்ணீரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் பக்கத்தில் குனிந்து, "அத்தை மகளே, இந்த வருசம் ஓடு பாப்போம்" என்று சொல்லி, முகத்திலும் கழுத்திலும் தெளித்தேன். தனியாகவே சிரித்தேன். முந்தின நாள் மிஞ்சிய பொங்கலைச் சாப்பிட வெளியே போய்விட்டேன்.

சித்திரையில் ஒருநாள் எதிர்பாராமல் ஒரு மழை. அரைமணி நேரம்தான் பெய்தது. மண்டபத்தின் பின்மூலையில் ஓடு விலகி ஒழுகி, பத்துக் கட்டில்கள் நனைந்தன. துடைத்துவிட்டு ஓட்டைச் சரிசெய்தோம். பெரிதாக நினைக்கவில்லை.

ஐப்பசி பிறந்து கண்மாய் பாதி நிறைந்ததும் வழக்கம்போல் எழுப்பினோம். வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொருவர்மேலும் கால்மணி நேரம் தூவ வேண்டும். ஒவ்வொருவராக இருமி, முனகி, எழுந்து உட்கார்ந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். பதினோரு பேர் எழவில்லை.

என் அத்தை சௌந்தரம், பூமயிலின் அம்மா, எழுந்தவுடன் கேட்ட முதல் கேள்வி காபி. இரண்டாவது கேள்வி மகள்.

"எங்கடா அவ?"

"இன்னும் எந்திரிக்கல அத்தை."

"அவளுக்கு எப்பவும் காலைத் தூக்கம் சாஸ்தி. நல்லா ஊத்து."

"அரைமணி நேரமா ஊத்துறேன்."

அத்தை என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. தம்பி மகனைத் தோளில் தூக்கி வளர்த்தவள். மரியாதைக்கு மாறுவது சிரமம். கட்டிலருகில் வந்து மகளின் கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எட்டு மாசம் பாத்துக்கச் சொல்லிட்டுத்தானே படுத்தேன். என் மகளை என்னடா பண்ணுன?"

நான் ஒன்றும் பண்ணவில்லை என்று சொன்னேன். அப்போது அதை நானே நம்பினேன்.

ஆறாம் நாள் டாக்டர் ஹெப்சிபா வந்தார். வருடாவருடம் அந்த வாரத்தில்தான் சதுப்பில் வலைவீசி மீன்குஞ்சு எண்ணுவார். முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வெறும் வலையோடு மண்டபத்துக்கு வந்தார்.

"மீன் வரல முத்திருள்."

"லேட்டா வருமோ என்னமோ மேடம்."

"வராது." ஈரச் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "சித்திரையில ஒரு மழை பெஞ்சுதில்லா? அதை நிசம்னு நம்பி பாதி முட்டை பொரிச்சிட்டு. ரெண்டு நாள்ல தண்ணி காஞ்சி செத்துப் போச்சு. மிச்சமுள்ளது என்ன செய்யும் சொல்லுங்க?"

"அடுத்த மழைக்கு எந்திரிக்கும்."

"அதான் இல்ல. ஒருக்கா ஏமாந்த முட்டை இன்னும் ஆழமான தூக்கத்துக்குப் போயிரும். அடுத்த மழையையும் சந்தேகப்படும். அதைத் தாண்டி, முழுசாக் காஞ்சி, இன்னொரு நல்ல மழை வந்தாத்தான் ஏறி வரும். எல்லாத்தையும் ஒரே மழைக்குப் பணயம் வைக்காது, பாத்துக்கிடுங்க. அதனாலதான் இத்தனை காலம் பொழச்சுக் கெடக்குது."

மண்டபத்தின் பின்மூலையைக் காட்டினார். "அந்தப் பத்துப் பேருக்கும் அதே கதைதான். ஒழுகின தண்ணி அவங்க உடம்புக்குப் பொய் மழை. வாசல்ல பலகை எதுக்கு வச்சோம்னு நெனைச்சீங்க?"

பிறகு பூமயிலின் கட்டிலுக்கு வந்து நின்றார்.

"பதினொண்ணாவது ஆளு மட்டும் மேடைப் பக்கத்துல. அங்க ஓடு ஒழுகல. இவங்க எப்படி நனைஞ்சாங்க?"

தூங்குகிறவர்களின் மணிக்கட்டில் நாடியைக் குறித்துவைக்கும் ஒரு பட்டை இருக்கும். பூமயிலின் பட்டையைக் கழற்றி மடிக்கணினியில் பொருத்தினார். நீளமாக ஒரு கோடு ஓடியது. நிமிடத்துக்கு நான்கு துடிப்பு, நான்கு, நான்கு. ஒரே ஓர் இடத்தில் கோபுரம்போல் எழுந்து இறங்கியது.

"பங்குனி கடைசி வாரம். காலைல பத்து மணி சுமாருக்கு. என்ன நடந்துச்சு?"

நான் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், செம்பு, துண்டு, அத்தை மகள், எல்லாம். சொல்லும்போது நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தேன். அது என் பழக்கம். சாவு வீட்டிலும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும், பிறகுதான் மற்றது.

டாக்டர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"நாடி அம்பத்தாறு வரைக்கும் வந்திருக்கு. ஆறு நிமிஷம் இவங்க முழிச்சிருந்தாங்க, முத்திருள். கண்ணத் தெறக்கத்தான் தெம்பு இருந்திருக்காது. காது கேட்டிருக்கும்."

"ஆறு நிமிசமா?"

"அப்பவே ஒரு குடம் ஊத்தியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய. பொங்கல் தின்னுக்கிட்டு."

மடிக்கணினியை மெதுவாக மூடினார். பிறகு மற்றதையும் சொன்னார். ஆழத்துக்குப் போனவர்கள் கால்மணி நேரத்தில் எழ மாட்டார்கள். மண்டபம் முழுவதையும் நாற்பது நாள் ஈரமாகவே வைத்திருந்தால், படிப்படியாக ஏறி வருவார்கள். நடுவில் காற்று காய்ந்தால் மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"நாப்பது நாளு மண்டபத்த நனைக்கத் தண்ணிக்கு எங்கிட்டுப் போறது?"

"கண்மாயில நின்னா உண்டு."

நிற்குமா என்று பார்த்துக்கொண்டே நனைக்கத் தொடங்காமல் இருந்தோம்; அந்த வருடம் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கண்மாய் வற்றியது. எழுந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பத் தூங்க வைக்க மருந்து இல்லை. மருந்து முட்டையிலிருந்து வருகிறது, முட்டை மீனிலிருந்து வருகிறது, மீன் வரவில்லை. சேற்றில் ஆழத்தில் கிடக்கும் முட்டைகள் எத்தனை என்று டாக்டருக்கே தெரியவில்லை. "வருசத்துக்கு ஒரு முழம் மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டுப் போனோமே, மருந்துக்குன்னு" என்று தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஊர் பிழைப்பதற்காக மீனின் சேமிப்பை நாங்களே செலவு செய்திருக்கிறோம். மீன் முன்ஜாக்கிரதையாக வைத்திருந்ததை, ஜாக்கிரதையே இல்லாத நாங்கள்.

முகாமுக்கு லாரிகள் வந்தன. போவதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. பின்மூலை ஒழுகல்தான் காரணம் என்று ஊர் முழுக்க நம்பியிருந்தது. பதினோராவது கட்டிலை யாரும் அளந்து பார்க்கவில்லை. சும்மா இருந்தால் ஓட்டின்மேல் பழி போய்விடும். ஓடு மறுத்துப் பேசாது.

சொன்னேன். அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ன சொல்லிட்டு ஊத்துன?"

"இந்த வருசம் ஓடு பாப்போம்னேன்."

"கேட்டிருப்பாளா?"

"காது கேட்டிருக்கும்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க."

கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினாள். "அப்ப ஓடித்தான் போயிட்டா. நீ சொன்னதைக் கேட்டு அவ செஞ்ச ஒரே காரியம் அதாண்டா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

"பதினஞ்சு வயசுலயே உங்கப்பன்கிட்டச் சொன்னேன், இவனுக்கு வெளையாட்டுப் புத்தி போகாதுன்னு. அவன் கேக்கல, நானும் கேக்கல." பாயை என் தோளில் ஏற்றினாள். "லாரி வரைக்கும் தூக்கு. அப்புறம் இங்கயே கெட. அவளைத் தனியா விட்டுட்டு வந்தேன்னு மட்டும் நான் கேக்கக் கூடாது."

தூங்குகிறவர்களை இடம் மாற்ற வேண்டாம் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். மற்றப் பத்துப் பேரின் வீட்டார் கேட்கவில்லை. பிள்ளையையும் புருஷனையும் பூட்டிய மண்டபத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்? கூட்டிப்போனார்கள். வழியில் கார்த்திகைப் பனி இறங்கியது. ஐப்பசியில் ஊற்றியது முழுசாகக் காய்ந்திருந்த உடம்புக்கு அந்த ஈரம் போதும், அவர்கள் ஏறி வரத் தொடங்குவதற்கு. முகாமின் தகரக் கொட்டகை காய்ந்தபோது பாதி வழியில் இருந்தார்கள். பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆகவே ஊரில் நானும் அவளும் மிச்சம். காவலுக்கு இருந்த மற்ற ஏழு பேரும் லாரியிலேயே போய்விட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு டிராக்டர் வந்து எனக்கு இரண்டு டிரம் தண்ணீர் இறக்கிவிட்டுப் போகும். வாசலிலேயே குடித்து, வாயைத் துடைத்து, கை காய்ந்த பிறகுதான் உள்ளே போவேன். வியர்த்தால் வெளியே. தும்மல் வந்தால் வெளியே. அழுகை வந்தாலும் வெளியே போய், முடித்து, முகத்தைக் காயவைத்துக்கொண்டு வருவேன். அந்த வருடம் பங்குனியில் நான் மண்டபத்துக்குள் இருந்த வேளை குறைவு.

வெள்ளிக்கிழமைதோறும் அத்தை முகாமிலிருந்து போன் செய்வாள். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"நனைச்சுத் தொலைச்சிராத."

"இல்ல அத்தை."

அடுத்த ஐப்பசி ஒன்பதாம் தேதி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. கண்மாய் நிறைந்தது, சதுப்பு நிறைந்தது. பம்பும் குழாயும் தயாராக வைத்திருந்தேன். குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். கால் உள்ளே போகவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். மீன் இல்லாத மீன் டாக்டரை எங்கோ இறால் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

"இது நல்ல மழையா மேடம்?"

"அதை வானிலைக்காரனே சொல்ல மாட்டான். நான் எப்படிச் சொல்ல?"

"நாப்பது நாளு நிக்குமா?"

"சதுப்பைப் பாருங்க. குஞ்சு வந்தா நம்புங்க. நம்மளவிட அதுக்குத் தெரியும்."

"வரலைன்னா?"

"சேத்துல முட்டையே இல்லாம இருந்தாலும் வராது, முத்திருள். அதையும் மனசுல வச்சுக்கிடுங்க."

வைத்துக்கொண்டேன். எதற்கும் உதவவில்லை. தினமும் விடிந்ததும் கொசுவலைத் துணியில் செய்த வலையோடு சதுப்பில் இறங்கினேன். தவளைக்குஞ்சு வந்தது, நீர்ப்பூச்சி வந்தது, போன வருடத்து ஒற்றைச் செருப்பு வந்தது. மீன் வரவில்லை. ஐந்தாம் நாள் இல்லை, பத்தாம் நாள் இல்லை. பத்தொன்பதாம் நாள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வற்றவில்லை. ஆனால் வாடைக்காற்றில் ஒரு சாண் இறங்கியிருந்தது. இன்று தொடங்கலாமா? தொடங்கினால் இன்னும் நாற்பது நாள் நிற்க வேண்டும். முப்பதாம் நாள் மறுபடி ஒரு மழை. இன்று தொடங்கலாமா? இன்னும் நாற்பது. எந்த நாளில் கேட்டாலும் அதே நாற்பது எதிரில் நின்றது. பத்துப் பேரின் முகங்களும் எனக்குத் தெரியும். அதில் நான்கு பேருக்கு நான் தினமும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன்.

நாற்பத்து நாலாம் நாள் காலை வலையில் ஏதோ துள்ளியது.

உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம். வயிற்றில் குங்குமச் சிவப்பு, வாலில் நீலப் புள்ளி வரிசை. ஆண் மீனுக்கு அந்த நிறம் ஏற நாற்பது நாளாவது ஆகும். அப்படியென்றால் முதல் மழைத்துளி விழுந்த அன்றே அது பொரிந்திருக்கிறது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேனே, அன்று. அத்தனை பெரிய சதுப்பில் ஒரே ஒரு மீன். நாற்பத்து நாலு நாளும் என் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

திரும்பத் தண்ணீரில் விட்டேன். அது உறுதி சொன்னது கடந்துபோன நாற்பத்து நாலு நாளுக்குத்தான், இனி வேண்டிய நாற்பதுக்கு இல்லை; குழாயை எடுக்கவில்லை. பிறகு இருட்டும் வரை சதுப்பைச் சல்லடையாகச் சலித்தேன். மறுநாளும் சலித்தேன். அதற்கு ஜோடி இல்லை.

அந்தத் தண்ணீர் எழுபத்து இரண்டு நாள் நின்றது.

அத்தையின் போன் கெட்டு மழைக்காலம் முழுக்கப் பேச்சில்லை; வற்றிய வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். பின்னால் முகாமின் இரைச்சல், யாரோ குடத்துக்காகச் சண்டை போடும் சத்தம்.

"என்னடா, அங்கிட்டு மழைன்னாங்களே. தண்ணி நின்னுச்சா?"

மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டாவது கட்டிலில் அவள் மூக்குத்தியில் வெயில் விழுந்திருந்தது.

"இல்ல அத்தை. இருவது நாளு. போன வருசம் மாதிரியேதான்."

"மீனு?"

"வரல."

"நீ ஊத்தலையே?"

"ஊத்தல."

அத்தை பெரிதாக மூச்சு விட்டது போனில் காற்றுப்போல் கேட்டது.

"தப்பிச்சா எம்மக" என்றாள். "நல்ல வேளைடா. இப்பவாவது உனக்குப் புத்தி வந்துச்சே."

நான் பிறந்ததிலிருந்து என்னை அறிந்தவள். அவள் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது. நன்றி அத்தை என்றேன்.